தளபதி சாப்பிடாத கோழி

அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்கும் ஒரு தேவாலயமும் மட்டுமே கண்ணில் படுகிற குட்டி ஊராக இருந்தாலும், தேடினால் ஒரு சீன உணவகம் அகப்பட்டுவிடும். அதன் மெனுவில் 'ஜெனரல் சோ சிக்கன்' என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். எலும்பு நீக்கிய கோழித் துண்டுகளை மாவில் புரட்டி மொறுமொறுவெனப் பொரித்து, பளபளக்கிற செம்பழுப்புக் குழம்பில் பிரட்டி, நாலு வரமிளகாயைக் கிள்ளாமல் மேலே போட்டு, ஓரத்தில் ப்ராக்கொலியை அடுக்கிக் கொடுப்பார்கள். வாயில் வைத்ததும் முதலில் தெரிவது இனிப்பு. பிறகு லேசாகப் புளிப்பு. காரம் வந்து சேர்வதற்குள் துண்டு தொண்டையைத் தாண்டியிருக்கும். அங்கே குடியேறிய நம்மவர்கள் 'எக்ஸ்ட்ரா ஸ்பைசி' என்று சொல்லிப் பார்க்கிறார்கள்; தட்டில் மிளகாய் கூடும், உறைப்பு கூடாது.

இந்தக் கோழியை வைத்து அங்கே ஒரு ஓயாத வழக்கு உண்டு. 'இதெல்லாம் சீனச் சாப்பாடே இல்லை, வெள்ளைக்காரனுக்காகச் சர்க்கரை கொட்டியது' என்பது ஒரு கட்சி. 'எனக்குப் பிடித்திருக்கிறது, அசலாக இருந்தால் என்ன, போலியாக இருந்தால் என்ன' என்பது மறுகட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிறார்கள்: சீனாவில் எங்கோ ஓர் அசல் ஜெனரல் சோ கோழி இருக்கிறது, அதைத்தான் அமெரிக்காவில் கெடுத்துவிட்டார்கள் என்று. அந்த இடத்தில்தான் கதை சுவாரசியமாகிறது.

முதலில் பெயரில் இருக்கிற தளபதியைப் பார்த்து அனுப்பிவிடுவோம். ஜெனரல் சோ என்கிற சுவோ சோங்டாங் 1812-இல் ஹூனான் மாகாணத்தில் பிறந்தவர். சிங் பேரரசின் படைத்தலைவர். தைப்பிங் கலகத்தை அடக்கியவர்களில் ஒருவர். கைவிட்டுப் போயிருந்த ஷின்ஜியாங்கை மீட்டுப் பேரரசோடு சேர்த்தவர். 1885-இல் காலமானார். ஹூனான்காரர்களுக்கு அவர் பெரிய பெருமை. அவருக்கும் கோழிக்கும் உறவு அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலத்தில் கட்டபொம்மன் பெயரில் அரசுப் பேருந்துகள் ஓடின. அதற்காகக் கட்டபொம்மன் பஸ் ஏறினார் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜெனிஃபர் 8 லீ, சீன-அமெரிக்க உணவு பற்றி 2008-இல் வெளியிட்ட நூலுக்காகத் தளபதியின் சொந்த ஊருக்கே போனார். அவருடைய வம்சத்தினரிடம் கோழியைப் பற்றிக் கேட்டார். தளபதியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோழியை ஒருவருக்கும் தெரியவில்லை.

கோழிக்குச் சொந்தக்காரர் வேறொருவர். பெங் சாங்குவே என்ற சமையற்காரர். அவரும் ஹூனான்தான், தலைநகர் சாங்ஷா பக்கத்து ஏழைக் குடும்பம். 13 வயதில் சாவோ ஜிங்சென் என்ற பெரிய சமையற்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். இந்த சாவோ, டான் யென்காய் என்ற அரசியல் தலைவரின் வீட்டுச் சமையலைக் கவனித்தவர். டான் யென்காய் சீனக் குடியரசின் மிக உயர்ந்த பதவிகளில் இருந்தவர், சாப்பாட்டு ரசனைக்குப் பேர்போனவர். ஆக பெங் கற்றது தெருக்கடைச் சமையல் அல்ல. உயர்குடி விருந்துச் சமையல். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, அன்று சீனாவை ஆண்ட தேசியவாத அரசின் விருந்துகள் அவர் பொறுப்புக்கு வந்திருந்தன.

ஹூனான் நாக்கு எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிச்சுவான் மாகாணச் சமையலில் நாக்கை மரத்துப்போக வைக்கிற ஒரு வகை மிளகு உண்டு. ஹூனானில் அந்த விளையாட்டெல்லாம் குறைவு, நேரடியான உறைப்பு. சிவப்பு மிளகாயைப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு, ஜாடியில் அடைத்துப் புளிக்க வைப்பார்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு இருக்கிற மரியாதை அங்கே அதற்கு. அந்த மிளகாயை மீன் தலையின் மேல் அள்ளிப் போட்டு ஆவியில் வேகவைப்பது அந்த ஊரின் பெயர்பெற்ற உணவு. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையேற்றிய பன்றியிறைச்சி, புளிக்க வைத்த கறுப்பு சோயா, புளித்த காராமணி எல்லாம் அங்கே அன்றாடப் புழக்கம். உப்பு, புளிப்பு, உறைப்பு மூன்றுமே தூக்கலாக இருக்கும். இனிப்பு முன்னால் வந்து நிற்கிற கோழிக்கு அந்தச் சமையலறையில் இடமில்லை.

1949-இல் கம்யூனிஸ்டுகள் வென்றார்கள். தேசியவாத அரசு தைவான் தீவுக்கு ஓடியது. அரசோடு அதிகாரிகளும் படைவீரர்களும் போனார்கள். அவர்களுக்கு விருந்து சமைத்த பெங்கும் போனார். சீனாவின் எல்லா மாகாணத்துச் சமையலும் அந்தச் சின்னத் தீவில் வந்து இறங்கியது அப்படித்தான். ஊர் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. கைப்பக்குவம் மட்டும் கூடவே வந்தது.

1950-களில் ஒருநாள். அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ஆர்தர் ராட்ஃபோர்டு தைவான் தலைநகர் தைப்பே வந்திருந்தார். அன்றைய தைவானுக்கு அமெரிக்காதான் கவசம், உபசரிப்பில் குறை வைக்க முடியாது. நாளுக்கொரு விருந்து. கைவசம் இருந்த உணவுகளையெல்லாம் பரிமாறித் தீர்த்துவிட்டதால், திரும்ப அதையே வைக்கக் கூடாதே என்று புதிதாக ஒரு கோழி செய்ததாகவும், என்ன பெயர் என்று கேட்டபோது தன் மாகாணத்துத் தளபதியின் பெயரை அங்கேயே சூட்டியதாகவும் பெங் பிற்காலத்தில் சொன்னார். இதில் கொஞ்சம் அலங்காரம் கலந்திருக்கலாம். சமையற்காரர்கள் சொல்கிற பிறந்த கதைகளில் அது சகஜம். ஆனால் கோழி பிறந்தது தைவானில், பெங்கின் கையில் என்பதில் ஆராய்ந்தவர்களிடையே பெரிய மாறுபாடு இல்லை.

ஆக, அசல் என்று நாம் தேடிப் போன பண்டம் ஹூனானில் பிறக்கவே இல்லை. ஊரைவிட்டு ஓடிவந்த ஒருவர், இன்னொரு தீவில், ஓர் அமெரிக்கர் உட்கார்ந்திருந்த மேசைக்காகச் செய்தது அது. பிறந்த அன்றே ஏற்றுமதிச் சரக்கு.

இருந்தாலும் அந்த முதல் கோழிக்கு ஹூனான் நாக்கு இருந்தது. தைவான் வழியில் அதைச் செய்வது எப்படி என்று பார்த்தால் புரியும். தொடைக்கறியைத் தோலோடு எடுத்து, விரற்கடை அளவில் நறுக்குவார்கள். முட்டையின் மஞ்சள் கரு, சோயா சாஸ், உருளைக்கிழங்கு மாவு போட்டுப் பிசறுவார்கள். மாவு கறியின் மேல் மெல்லிய படலமாகத்தான் ஒட்டும், போண்டா மாதிரி மொத்தையாக மூடாது. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தோல் மொறுமொறுப்பாகும்வரை பொரித்து எடுப்பார்கள். பிறகு எண்ணெயை வடித்துவிட்டு, அதே சட்டியில் வரமிளகாயை விதை நீக்கிப் போடுவார்கள். இந்த இடத்தில்தான் கை தெரிய வேண்டும். மிளகாய் நிறம் மாறத் தொடங்கி நெடி மூக்கில் ஏறும்போதே அடுத்த பொருள் உள்ளே போய்விட வேண்டும். அரை நிமிடம் அசந்தால் கருகிக் கசந்துவிடும். பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு. அப்புறம் சோயா சாஸ், அரிசி வினிகர், கொஞ்சம் கோழிச் சாறு. கொதித்துக் கெட்டிப்படும்போது பொரித்த கோழியைப் போட்டு இரண்டு தூக்குத் தூக்கி இறக்கிவிடுவார்கள். மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய். சர்க்கரை கிடையாது. ப்ராக்கொலியும் கிடையாது.

சர்க்கரை எப்போது வந்தது? இதற்கு நியூயார்க் போக வேண்டும்.

அதுவரை அமெரிக்கர்களுக்குத் தெரிந்த சீனச் சாப்பாடு சாப் சூயி வகையறாதான். தெற்கே கான்டன் பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் போன கூலித் தொழிலாளர்களின் சமையல், அமெரிக்க நாக்குக்குத் தக்கபடி மாறிய வடிவம். 1882-இல் சீனர்கள் வரக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். 1943 வரை அது நீடித்தது. 1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகுதான் தைவானிலிருந்து படித்தவர்களும் கைதேர்ந்த சமையற்காரர்களும் வரத் தொடங்கினார்கள். 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனார். விருந்து மேசையில் அவர் குச்சிகளால் சாப்பிடுவதை அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. திடீரென எல்லோருக்கும் 'நிஜமான' சீனச் சாப்பாடு வேண்டியிருந்தது. சாப் சூயி பழசாகிவிட்டது; ஹூனான், சிச்சுவான் என்ற பெயர்களுக்கு மவுசு வந்தது. ஜெனரல் சோ கோழி நியூயார்க்கில் நுழைந்தது போலி என்ற பெயரில் அல்ல, அசல் என்ற பெயரில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

நியூயார்க் உணவகக்காரர்கள் சிலர் அதற்கு முன்பே தைப்பே போய் பெங்கின் சமையலைப் பார்த்துச் சாப்பிட்டுத் திரும்பியிருந்தார்கள். டி.டி. வாங் என்ற சமையற்காரர் அதில் முக்கியமானவர். தன் கடையில் இதைப் போன்ற ஒரு கோழியை இன்னொரு தளபதியின் பெயரில் போட்டார். மாவைக் கெட்டியாக்கி மொறுமொறுப்பைக் கூட்டினார், குழம்பில் இனிப்பைச் சேர்த்தார். இன்று அமெரிக்கா முழுக்கக் கிடைக்கிற கோழியின் உருவம் பெரும்பாலும் அவர் கொடுத்தது. பெயர் மட்டும் பெங் கொடுத்தது. அதே சமயத்தில் 'அங்கிள் டாய்' என்ற பெயரில் இன்னொரு ஹூனான் கடையும் நகரத்தில் பேர் வாங்கியிருந்தது.

1973-இல் பெங் தானே நியூயார்க் வந்து, ஐ.நா. கட்டடத்துக்குப் பக்கத்தில், கிழக்கு 44-ஆம் தெருவில் கடை போட்டார். அவர் பரிமாறிய கோழியைப் பார்த்து, இதை ஏற்கெனவே வேறு கடையில் சாப்பிட்டிருக்கிறோமே என்றது நகரம். கண்டுபிடித்தவர் நகலெடுத்தவர் ஆகிவிட்டார். முதல் கடை சரியாகப் போகவில்லை. மறுபடி திறந்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சர் வாடிக்கையாளர் ஆன பிறகு கூட்டம் சேர்ந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி அவர் சமைப்பதைப் படம்பிடித்து ஒளிபரப்பியது. 1977-இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் இந்தக் கோழியைத் தலைசிறந்த படைப்பு என்ற ரீதியில் பாராட்டினார்.

இனிப்பைச் சேர்த்தது மற்றவர்கள் மட்டும்தானா? சீனச் சமையலைப் பற்றி எழுதும் ஆங்கிலேய எழுத்தாளர் ஃபூஷியா டன்லப் தைப்பே போய் பெங்கைச் சந்தித்தபோது அவர் மறைக்காமல் சொன்னார்: முதலில் செய்ததில் சர்க்கரை இல்லை, அமெரிக்காவில், ஹூனான்காரர் அல்லாதவர்களுக்குச் சமைக்கத் தொடங்கியபோது நானே பக்குவத்தை மாற்றினேன். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. அசலைக் காப்பாற்ற நினைத்த கலைஞர், அதைக் கெடுத்த வியாபாரிகள் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். நடந்தது அப்படியில்லை. கடை வாடகை கொடுக்க வேண்டிய ஒரு சமையற்காரர், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கையைச் சர்க்கரை டப்பா பக்கம் கொண்டுபோனார். தைப்பேயில் அட்மிரலுக்குச் சமைத்தபோதும் அவர் பார்த்தது எதிரே இருப்பவரின் முகத்தைத்தான்.

அதற்குப் பிறகு கோழி யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. 1980-களிலிருந்து ஃபூஜியன் மாகாணத்திலிருந்து ஏராளமானவர்கள் அமெரிக்கா வந்தார்கள். நியூயார்க் சைனாடவுனில் இருக்கும் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் அவர்களைப் பேருந்து ஏற்றி, பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஊர்களின் சமையலறைகளுக்கு அனுப்பின. ஒரே மாதிரி மெனு, ஒரே மாதிரி சாஸ், ஒரே மாதிரி காகிதப் பெட்டி. தலைமை அலுவலகம் இல்லை, விளம்பரம் இல்லை. ஆனாலும் எந்த ஊரில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே ருசி. பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மாவு கெட்டியாக இருந்தால்தான் அரைமணி நேரமாவது மொறுமொறுப்பு நிற்கும். கெட்ச்அப்பிலும் பார்பிக்யூ சாஸிலும் பழகிய நாக்குக்கு இனிப்புக் கலந்த இறைச்சி புதிதல்ல. ப்ராக்கொலிக்கும் ஒரு தனிக்கதை உண்டு: அது அமெரிக்காவுக்குச் சீனர்களோடு வந்த காய் அல்ல, இத்தாலியக் குடியேறிகள் பரப்பியது. மலிவாகவும் பச்சையாகவும் இருந்தது, சீனத் தட்டில் ஏறிக்கொண்டது.

பெங் 1980-களில் தைவான் திரும்பினார். 1990-இல், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, சொந்த மண்ணான சாங்ஷாவில் ஒரு கடை திறந்தார். மெனுவில் தளபதியின் கோழியும் இருந்தது. கடை நிலைக்கவில்லை, கோழியும் எடுபடவில்லை. காரணத்தை அந்த ஊர்ச் சமையற்காரர் ஒருவர் டன்லப்பிடம் சுருக்கமாகச் சொன்னார்: ரொம்ப இனிப்பு. ஹூனானின் பெயரால் உலகம் சுற்றிய கோழியை ஹூனான்காரர்கள் ஒரு வாய் சாப்பிட்டு ஒதுக்கிவிட்டார்கள். வேடிக்கை அதோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் இதற்கிருக்கும் புகழைக் கேள்விப்பட்டு, பின்னாளில் ஹூனான் சமையற்கலைஞர்கள் சிலரே இதைத் தங்கள் பாரம்பரிய உணவு என்று எழுதவும் சொல்லவும் தொடங்கினார்கள். பாரம்பரியம் சில சமயம் இப்படி வெளியூரிலிருந்து தபாலில் வந்து சேர்கிறது.

இன்னும் ஒருபடி பின்னால் போனால் ஹூனானின் உயிரான மிளகாயே அங்கே பிறந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி. கப்பலேறிச் சீனக் கடற்கரைக்கு வந்து, 17-ஆம் நூற்றாண்டில்தான் ஹூனானுக்குள் நுழைந்தது. நம் ஊருக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்ததும் அதே மிளகாய்தான். அதற்கு முன் நம் குழம்பில் உறைத்தது மிளகு. வரமிளகாய் இல்லாத சாம்பாரை இன்று யாரிடமாவது அசல் என்று சொல்லிப் பாருங்கள். நம் தெருமுனை வண்டிகளில் மாலைதோறும் கார்ன்ஃப்ளார் மாவில் முக்கிப் பொரிக்கிற கோபி மஞ்சூரியனைப் பற்றி மஞ்சூரியாவில் ஒருவருக்கும் தெரியாது. மும்பையில் 1970-களில், கொல்கத்தாச் சீனக் குடும்பத்தில் பிறந்த நெல்சன் வாங் செய்த சிக்கன் மஞ்சூரியன்தான் அதற்கு மூத்தது. அவரும் இந்திய நாக்கைப் பார்த்துத்தான் பச்சைமிளகாய், இஞ்சி, பூண்டை வதக்கி, அதில் கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸை ஊற்றினார். அதைப் போலி என்று நாம் யாரும் தள்ளுவதில்லை. அமெரிக்கர்களின் இனிப்புக் கோழியைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் இது நினைவிருந்தால் நல்லது.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. பெங்குக்கு வயதான பிறகு, அமெரிக்கக் கடைகளில் எடுத்த படங்களை அவரிடம் காட்டினார்கள். ப்ராக்கொலியைப் பார்த்து முகம் சுளித்தார், இது சரியில்லை என்றார். தானே சர்க்கரை சேர்த்தவர்தானே என்று அவரை மடக்கலாம். ஆனால் எவ்வளவு சேர்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்பது சமைத்தவருக்குத் தெரியும். குழம்பில் புளிப்பை எடுத்துக்காட்ட ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவது வேறு, கரண்டி கரண்டியாகப் போட்டு சோயாவையும் வினிகரையும் ஒருசேர மூழ்கடிப்பது வேறு. என் நாக்கு தைவான் வழிக்குத்தான் ஓட்டுப் போடும்: தோலோடு, புளிப்பாக, மிளகாய் நெடியோடு. அமெரிக்க வகையில் முதல் இரண்டு துண்டு அபாரமாக இருக்கும். ஐந்தாவது துண்டில் சலிப்புத் தட்டும், ஏனென்றால் இனிப்புக்குப் பின்னால் தேடுவதற்கு அதில் எதுவும் இல்லை. இது ருசியைப் பற்றிய என் தீர்ப்பு. எது சீனம், எது சீனமில்லை என்ற தீர்ப்பு அல்ல.

இயன் சேனி இயக்கத்தில் 2014-இல் இந்தக் கோழியின் பூர்வீகத்தைத் தேடி ஒரு முழுநீள ஆவணப்படமே வந்தது. அதில் பெங்கும் தோன்றுகிறார். 2016 நவம்பரில், 98 வயதில், தைப்பேயில் அவர் காலமானார். அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு சீனச் சமையற்காரருக்கு அவ்வளவு நீளமாக இரங்கல் எழுதியது அபூர்வம்.

வெளிநாட்டில் 'ஹூனான்' என்று பலகை மாட்டிய கடைக்குள் நுழைந்தால், அந்த மாகாணத்தின் ருசியைத் தெரிந்துகொள்ள இந்தக் கோழியைக் கேட்காதீர்கள். உப்பு மிளகாய் போட்டு அவித்த மீன் தலை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சமையலறையில் ஹூனான்காரர் இருக்கக்கூடும். மொறுமொறுவென்று இனிப்பாக ஏதாவது வேண்டும்போல் இருந்தால் ஜெனரல் சோவையே வாங்குங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் சர்க்கரையை விட்டுவிட்டு வினிகரை ஒரு கரண்டி கூட்டிப் பாருங்கள்.